உயரம் குறைந்த மரங்கள்

தரவுகளைத் தேடுவதற்கும் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் ஏற்றவாறு கணினியின் நினைவகத்தில் ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகளுக்குத் தரவுக் கட்டமைப்புகள் என்று பெயர். அவற்றுள் மரம் எனப்படும் கட்டமைப்பு, மின்னணுக் கணினி தோன்றுவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முன்பே கணிதத்தில் இடம்பெற்றுவிட்டது. ப்ரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்து அங்கேயே பயின்ற இயற்பியலாளர் குஸ்தாவ் கிர்க்காஃப், ஒரு மின்சுற்றின் எல்லாக் கம்பிகளிலும் பாயும் மின்னோட்டத்தைக் கணக்கிட எத்தனை சமன்பாடுகள் போதும் என்ற வினாவை 1847இல் ஆராய்ந்தபோது, சுழல்கள் எதுவும் மிஞ்சாதவாறு, அதே வேளையில் சுற்று இரண்டாகத் துண்டிக்கப்படாதவாறு கம்பிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால் எஞ்சுவது என்ன என்று பார்த்தார். எஞ்சிய அந்த உருவத்துக்கு மரம் என்ற பெயரை ஆங்கிலக் கணிதவியலாளர் ஆர்தர் கேலி பத்தாண்டுகள் கழித்து 1857இல் வழங்கினார். பெயரிடப்பட்ட புள்ளிகள் சிலவற்றைக் கொண்டு எத்தனை வெவ்வேறு மரங்களை அமைக்கலாம் என்ற கணக்கை 1860இல் கார்ல் வில்ஹெல்ம் போர்ஹார்ட் தீர்த்தார்.

கிர்க்காஃப் கண்ட உருவத்தின் இரு பண்புகள்தாம் பின்னாளில் கணினியியலுக்குப் பயன்பட்டன: அதில் சுழல் கிடையாது, எந்த இரு புள்ளிகளுக்கும் இடையே ஒரே ஒரு பாதைதான் உண்டு. புள்ளிகளைக் கணுக்கள் என்றும், அவற்றுள் தொடக்கமாகத் தேர்ந்துகொள்ளும் ஒன்றை வேர் என்றும், ஒரு கணுவிலிருந்து பிரியும் அடுத்த நிலைக் கணுக்களைச் சேய்க் கணுக்கள் என்றும், சேய் இல்லாதவற்றை இலைகள் என்றும் அழைப்பது வழக்கம். வேரிலிருந்து ஒவ்வோர் இலைக்கும் ஒரே பாதை என்பதால், ஒவ்வொரு கணுவிலும் எந்தக் கிளையில் இறங்குவது என்று முடிவு செய்ய ஒரு விதி இருந்தால் போதும்; தேடல் திசைமாறாது, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வராது, பாதையின் நீளத்துக்குள் முடிந்தும்விடும். கோப்புகள் அடைவுகளுக்குள் அடைவுகளாக அடுக்கப்படுவதும், ஓர் இணையப் பக்கத்தின் தலைப்பும் பத்தியும் படமும் உலாவிக்குள் படிநிலையாக நிற்பதும் இந்தக் கட்டமைப்பினாலேயே. கணிதக் கோவைகளையும் மரமாகக் காணலாம்; அவற்றை ஒழுங்காக மதிப்பிடும் வழியை மியூனிக்கின் ஃப்ரீட்ரிஷ் பவரும் கிளாவ்ஸ் சாமெல்சனும் 1950களின் பிற்பகுதியில் வகுத்தனர். கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு நினைவகம் என்னும் அவர்களது கருத்து இன்றைய மொழிமாற்றி நிரல்கள் அனைத்திலும் உயிரோடிருக்கிறது. ஆயினும் மரத்தின் வலிமை முழுமையாக வெளிப்படுவது தேடலில்தான்.

தேடலுக்கான மிக எளிய மரம் இருமத் தேடல் மரம். அதன் ஒவ்வொரு கணுவிலும் திறவுகோல் எனப்படும் ஒரு மதிப்பு, அதாவது எதைக் கொண்டு தேடுகிறோமோ அந்த எண்ணோ பெயரோ இருக்கும். அதைவிடச் சிறியவை இடக்கிளையிலும் பெரியவை வலக்கிளையிலும் அமையும். இரு கிளைகளும் ஏறத்தாழச் சமமாக இருக்குமானால் ஒவ்வோர் ஒப்பீடும் தேட வேண்டிய பரப்பைப் பாதியாக்கிவிடும். ஜெர்மனியில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் பதினொரு இலக்கங்கள் கொண்ட வரி அடையாள எண் வழங்கப்படுகிறது. எட்டுக் கோடி எண்களை இத்தகைய மரத்தில் அடுக்கினால், 2ஐ 27 முறை பெருக்கினால் பதின்மூன்று கோடியைத் தாண்டிவிடும் என்பதால், அதிகபட்சம் 27 ஒப்பீடுகளில் எந்த எண்ணையும் அடைந்துவிடலாம். எண்கள் ஏறுவரிசையில் வந்து சேர்ந்தாலோ மரம் ஒரே பக்கமாக நீண்டு வெறும் சங்கிலியாகிவிடும். அதைத் தடுக்க, ஒவ்வொரு சேர்ப்புக்குப் பின்னும் கிளைகளைத் திருப்பிச் சமன்செய்யும் முறையைச் சோவியத் ஆய்வாளர்களான அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் 1962இல் வெளியிட்டனர்.

கணிதம் அதோடு நிறைவடைந்துவிட்டதாகத் தோன்றினாலும் பொறியியல் அப்படி நினைக்கவில்லை. 27 ஒப்பீடுகள் என்பது கணக்கில் சிறிய எண். ஆனால் ஒவ்வோர் ஒப்பீட்டுக்கும் முன் அந்தக் கணுவை எங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். 1960களில் பெருந்தரவு முதன்மை நினைவகத்தில் கொள்ளாது. சுழலும் காந்த வட்டில்தான் இருக்கும். ஐபிஎம் 2311 என்ற அக்கால வட்டின் கொள்ளளவு ஏழேகால் மெகாபைட். அதன் படிப்புமுனை வேண்டிய தடத்துக்கு நகரச் சராசரியாகச் சுமார் 75 மில்லி நொடிகளும், வேண்டிய பகுதி சுழன்று முனைக்கு நேரே வர மேலும் பன்னிரண்டரை மில்லி நொடிகளும் பிடிக்கும். சிதறிக்கிடக்கும் 27 கணுக்களை இந்த வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் ஒரே ஒரு தேடலுக்கு இரண்டு நொடிகளுக்கு மேல் செலவாகும். வட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு: ஓரிடத்துக்குச் சென்றுவிட்டால் அங்கே ஒரு பைட்டைப் படிப்பதும் சில ஆயிரம் பைட்டுகளைப் படிப்பதும் நேரத்தில் பெரிதாக வேறுபடா. ஒரு கணுவுக்கு ஒரு திறவுகோல் என்று வைத்துக்கொள்ளும் இருமத் தேடல் மரம் இந்தக் குணத்தை அறவே வீணாக்குகிறது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ருடால்ஃப் பேயர். மியூனிக்கில் கணிதம் பயின்று, 1966இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், சியாட்டிலில் போயிங் நிறுவனத்தின் அறிவியல் ஆய்வகத்தில் எட்வர்ட் மெக்ரைட்டுடன் பணியாற்றியபோது, பெரிய அடைவுகளை வட்டில் பேணும் முறையொன்றை 1970இல் வகுத்தார். அடைவு என்பது நூலின் இறுதியில் இடம்பெறும் சொல்லடைவைப் போன்றது. தரவு எங்கிருக்கிறது என்று சொல்லுமே தவிரத் தரவாக அது நிற்காது. பி-மரம் என்று அவர்கள் பெயரிட்ட அந்த அமைப்பை விளக்கும் கட்டுரை 1972இல் ஆக்டா இன்ஃபர்மாட்டிக்கா என்ற ஆய்விதழின் முதல் தொகுதியில் வெளிவந்தது. அதே ஆண்டில் பேயர் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி ஜெர்மனிக்குத் திரும்பினார்.

பி-மரத்தின் கணு என்பது வட்டின் ஒரு பக்கம். அதாவது ஒரே முறையில் படித்து எடுக்கக்கூடிய தொடர்ச்சியான பகுதி. அதில் ஒன்றுக்குப் பதில் பல திறவுகோல்கள் வரிசையாக இருக்கும். அடுத்தடுத்த இரு திறவுகோல்களுக்கு இடைப்பட்ட மதிப்புகள் எந்தச் சேய்ப் பக்கத்தில் உள்ளன என்பதைக் காட்டும் சுட்டிகளும் உடனிருக்கும். கருவியின் இயல்புக்கேற்ப ஓர் எண்ணைத் தேர்ந்துகொண்டு, வேர் நீங்கலாக எந்தப் பக்கத்திலும் அந்த எண்ணுக்குக் குறையாமலும் அதன் இருமடங்குக்கு மிகாமலும் திறவுகோல்கள் இருக்க வேண்டும், எல்லா இலைகளும் வேரிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும் என்ற இரண்டு விதிகள் மட்டுமே வகுக்கப்பட்டன. முதல் விதியினால் எந்தப் பக்கமும் பாதிக்குமேல் வெறுமையாக இராது; இரண்டாம் விதியினால் மரம் ஒருபோதும் சாய்ந்து நீளாது.

இவ்விரு விதிகளையும் எந்தச் சேர்ப்புக்குப் பின்னும் காப்பாற்றும் உத்திதான் இந்தக் கண்டுபிடிப்பின் உயிர். ஒரு பக்கத்தில் குறைந்தது இரண்டு, அதிகபட்சம் நான்கு திறவுகோல்கள் என்று வைத்துக்கொண்டு, ஜெர்மானிய அஞ்சல் எண்களான 10115 (பெர்லின்), 20095 (ஹாம்பர்க்), 66123 (சார்ப்ரூக்கன்), 80333 (மியூனிக்) ஆகியவை ஒரே பக்கத்தில் நிற்பதாகக் கொள்ளலாம். பிரேமன் நகரின் 28359 வந்து சேரும்போது பக்கம் நிரம்பி வழிகிறது. அப்போது ஐந்தில் நடுவே நிற்கும் 28359 மேல்நோக்கி எழுந்து புதிய வேராகிறது; 10115, 20095 இடப் பக்கமாகவும் 66123, 80333 வலப் பக்கமாகவும் பிரிகின்றன. பெரிய மரத்தில் இவ்வாறு மேலேறும் திறவுகோல் தாய்ப் பக்கத்தில் போய்ச் சேரும். அதுவும் நிரம்பியிருந்தால் அதுவும் பிளக்கும். பிளவு வேர்வரை சென்றால் மட்டுமே மரத்தின் உயரம் ஒன்று கூடும். மற்ற மரங்கள் இலைப்புறத்தில் வளர்கின்றன. பி-மரம் வேர்ப்புறத்தில் வளர்கிறது. உயரம் கூடும்போது எல்லா இலைகளுக்கும் ஒருசேரக் கூடுவதால் சமன்செய்வதற்கென்று தனி வேலையே இல்லாமற்போகிறது. கணினியியலின் எளிமையான, அழகிய கருத்துகளுள் இதற்கு முன்வரிசையில் இடமளிக்கத் தயங்க வேண்டியதில்லை.

எட்டுக் கோடி வரி அடையாள எண்களுக்குத் திரும்பினால் பயன் விளங்கும். எட்டுக் கிலோபைட் பக்கம் ஒன்றில் சுமார் 200 திறவுகோல்கள் நிற்பதாகக் கொண்டால் இலை நிலையில் 4,00,000 பக்கங்களும், அதற்கு மேல் 2,000 பக்கங்களும், அதற்கு மேல் பத்துப் பக்கங்களும், உச்சியில் ஒரு வேரும் போதும். 27 நிலைகள் நான்காகச் சுருங்கிவிட்டன. இலைக்கு மேற்பட்ட பக்கங்கள் எல்லாம் சேர்ந்தும் 16 மெகாபைட் அளவே ஆவதால் அவற்றை இன்றைய கணினியின் முதன்மை நினைவகத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். வட்டை ஒரே ஒரு முறை அணுகினாலே எந்த எண்ணும் கிடைத்துவிடும். பேயரும் மெக்ரைட்டும் தங்கள் ஆய்வில் ஒரு லட்சம் திறவுகோல்கள் வரை சோதித்து, ஐபிஎம் 360/44 கணினியும் 2311 வட்டும் கொண்டு, 15,000 திறவுகோல்கள் உள்ள அடைவில் நொடிக்குச் சராசரியாக ஒன்பது செயல்களையும் ஒரு லட்சம் உள்ள அடைவில் நொடிக்குக் குறைந்தது நான்கு செயல்களையும் நடத்த முடிவதாக அறிவித்தனர். அடைவு ஏறத்தாழ ஏழு மடங்கு பெருகியும் வேகம் பாதிக்கும் சற்றுக் கீழேதான் இறங்கியது.

மியூனிக்கில் இந்த ஆய்வு தொடர்ந்தது. பெயர்களைத் திறவுகோலாகக் கொண்ட அடைவுகளில் மேல்நிலைப் பக்கங்கள் வழிகாட்டிகள் மட்டுமே என்பதால் அங்கே முழுப்பெயர் தேவையில்லை என்பதைப் பேயரும் கார்ல் உன்டராவரும் 1977இல் காட்டினர். இடப் பக்கம் திருச்சியோடு முடிந்து வலப் பக்கம் தூத்துக்குடியோடு தொடங்குமானால், இரண்டையும் பிரிக்க ‘தூ’ என்ற ஓரெழுத்தே போதும், அவ்வாறு மிச்சப்படும் இடத்தில் மேலும் பல திறவுகோல்களை அமர்த்தி மரத்தின் உயரத்தை இன்னும் குறைக்கலாம். அதே ஆண்டில் பேயரும் மாரியோ ஷ்கோல்னிக்கும் ஒரே மரத்தைப் பலர் ஒரே நேரத்தில் மாற்றும்போது எந்தப் பக்கங்களை எவ்வளவு நேரம் பூட்டிவைக்க வேண்டும் என்ற கடினமான வினாவை ஆராய்ந்தனர். பல பயனர்கள் ஒரே நொடியில் எழுதியும் படித்தும் இயங்கும் இன்றைய தரவுத்தளங்களுக்கு அந்த வினாவின் விடை இன்றியமையாதது.

பி-மரத்தின் ஒரு நுண்ணிய குறையைக் கண்டறிந்து சீராக்கிய பெருமை சார்ப்ரூக்கனுக்கு உரியது. நிரம்பிய பக்கம் பிளக்கும்போது உண்டாகும் இரு பக்கங்களும் குறைந்தபட்ச அளவில் நிற்கின்றன. உடனே அவற்றுள் ஒன்றிலிருந்து ஒரு திறவுகோலை நீக்கினால் அது குறைந்தபட்சத்துக்குக் கீழே போய், அண்டைப் பக்கத்தோடு இணைந்து, மறுபடி நிரம்பிய ஒரே பக்கமாகிவிடும். ஒரு சேர்ப்பு, ஒரு நீக்கல் என்று மாறி மாறி வந்தால் மரம் வேர்வரை பிளந்தும் இணைந்தும் வீணாக உழலும். சார்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கூர்ட் மெல்ஹார்ன், ஸ்காட் ஹடில்ஸ்டனுடன் இணைந்து 1982இல் வெளியிட்ட ஆய்வு, பக்கத்தின் உச்சவரம்பில் ஒரே ஒரு திறவுகோலுக்குக் கூடுதல் இடம் கொடுத்தால் இந்த உழற்சி நின்றுவிடும் என்பதை நிறுவியது: இணைந்த பக்கத்தில் சற்றே இடம் மிஞ்சுவதால் அடுத்த சேர்ப்பு அதைப் பிளக்காது, நீண்ட செயல்வரிசையில் ஒரு செயலுக்கு ஆகும் சமன்செய்யும் வேலை சராசரியாக ஒரு மாறா அளவுக்குள் அடங்கிவிடும். ஒரு விதியில் ஒன்றைக் கூட்டியதால் செலவின் இயல்பே மாறிப்போனது என்பது, தரவுக் கட்டமைப்பில் சிறிய எண்கள் எவ்வளவு பெரியவை என்பதை உணர்த்துகிறது. இதே மெல்ஹார்ன் 1990இல் சார்ப்ரூக்கனில் தொடங்கிய மாக்ஸ் பிளாங்க் கணினியியல் நிறுவனத்தின் நிறுவன இயக்குநரானார்.

முதன்மை நினைவகத்திலேயே அடங்கும் சிறிய தரவுக்குப் பேயர் வேறொரு வடிவத்தைத் தந்தார். 1972இல் அதே ஆக்டா இன்ஃபர்மாட்டிக்கா தொகுதியில் வந்த மற்றொரு கட்டுரையில், சிறிய பி-மரப் பக்கம் ஒவ்வொன்றையும் இருமக் கணுக்களாகப் பிரித்து, ஒரே பக்கத்துக்குள் உள்ள இணைப்புகளைக் கிடைமட்ட இணைப்புகள் என்றும், பக்கம் விட்டுப் பக்கம் இறங்குபவற்றைச் செங்குத்து இணைப்புகள் என்றும் வேறுபடுத்தினார். எந்தப் பாதையிலும் செங்குத்து இணைப்புகள் ஒரே எண்ணிக்கையில் இருக்கும், இரண்டு கிடைமட்ட இணைப்புகள் அடுத்தடுத்து வாரா என்பதால், மிக நீண்ட பாதைகூட மிகக் குறுகிய பாதையின் ஏறத்தாழ இரு மடங்கைத் தாண்டாது. 1978இல் லியோ கிபாஸும் ராபர்ட் செட்ஜ்விக்கும் இந்த வேறுபாட்டை இரு வண்ணங்களால் குறித்து அமைத்த சிவப்பு-கருப்பு மரம் இன்று ஜாவா மொழியின் வரிசைப்பட்ட அட்டவணைகளில் இருக்கிறது; லினக்ஸ் இயக்குதளம் அடுத்து எந்தச் செயலுக்குச் செயலியின் நேரத்தை ஒதுக்குவது என்று முடிவு செய்ய 2007 முதல் அதையே பயன்படுத்துகிறது, 2023 வரை மரத்தின் இடக்கோடியில் நிற்கும் செயலே அடுத்துத் தகுதியுடையது என்ற எளிய விதியோடு.

எண்களையும் பெயர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தலாம். நிலப்படத்தில் உள்ள ஏரியையும் தெருவையும் கட்டடத்தையும் அப்படி நிறுத்த முடியாது, ஏனெனில் அவை இரு திசைகளில் பரந்தவை. அமெரிக்காவின் அன்டோனின் குட்மன் 1984இல் அமைத்த ஆர்-மரம், அருகருகே உள்ள உருவங்களைச் செவ்வகங்களில் அடைத்து, அச்செவ்வகங்களைப் பெரிய செவ்வகங்களில் அடைத்துச் செல்லும் ஒருவகைப் பி-மரம். செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் தேடல் பல கிளைகளில் இறங்க நேர்ந்து வேகம் குன்றும். பிரேமன் பல்கலைக்கழகத்தின் பெக்மன், கிரீகல், ஷ்னைடர், சேகர் ஆகிய நால்வரும் 1990இல் வெளியிட்ட ஆர்-ஸ்டார் மரம், படிவைக் குறைக்கும் வகையில் கிளையைத் தேர்வதோடு, நிரம்பிய பக்கத்தை உடனே பிளக்காமல் அதன் உறுப்புகளில் சுமார் 30 சதவீதத்தை வெளியே எடுத்து மீண்டும் வேரிலிருந்து நுழைக்கிறது. முதலில் தவறான இடத்தில் அமர்ந்தவை இரண்டாம் முறை சரியான இடத்தைக் கண்டுகொள்கின்றன. எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம் இந்த மரத்தைத் தன்னோடு கொண்டிருக்கிறது. அதன் சாதாரண அட்டவணைகளோ பி-மரங்கள், அவை ஒவ்வோர் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் இயங்குகின்றன.

இதுவரை கண்டவை யாவும் திறவுகோல்களை ஒப்பிட்டு வழிகாண்பவை. ஒப்பிடாமலே வழிகாணும் மரங்களும் உண்டு. நாடு ஒன்றிணைந்த பின் 1993 ஜூலை 1 அன்று ஜெர்மனி நடைமுறைப்படுத்திய ஐந்திலக்க அஞ்சல் எண்ணில் முதல் இலக்கம் மண்டலத்தையும், இரண்டாம் இலக்கம் அதனுள் ஒரு பகுதியையும் குறிக்கும். மியூனிக்கின் 80333, அருகிலுள்ள கார்ஹிங்கின் 85748 ஆகிய இரண்டும் 8 என்ற ஒரே கிளையில் இறங்கி, அடுத்த இலக்கத்தில் பிரிகின்றன. திறவுகோலை இலக்கம் இலக்கமாகப் படித்து இறங்கும் இத்தகைய மரத்தை இலக்க மரம் எனலாம். கிளை பிரியாத நிலைகளைச் சுருக்கி, பிரியும் இடங்களை மட்டும் கணுக்களாக வைக்கும் வகையை 1968இல் அமெரிக்காவில் டொனால்ட் மாரிசனும், அதே ஆண்டில் ஜெர்மன் மொழி ஆய்விதழில் கெர்னாட் க்வேஹன்பெர்கரும் தனித்தனியே வெளியிட்டனர்.

நீண்ட காலம் ஓரமாக இருந்த இந்த மரத்துக்குப் புதுவாழ்வு வந்தது முதன்மை நினைவகம் மலிந்த பிறகுதான். தரவுத்தளம் முழுவதையும் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ள முடிந்தபோது வட்டின் தாமதம் மறைந்தது; அதனிடத்தில் வேறொரு தாமதம் வந்து நின்றது. செயலி தன் அருகிலுள்ள சிறு கேஷ் நினைவகத்தை ஓரிரு நானோ நொடிகளில் எட்டிவிடும். முதன்மை நினைவகத்துக்கோ அதைப்போல் பல மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும், அங்கிருந்து ஒரு முறைக்கு வருவது பெரும்பாலும் 64 பைட் மட்டுமே. பேயர் பணியாற்றிய அதே மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் விக்டர் லைஸ், அல்ஃபோன்ஸ் கெம்பர், தோமஸ் நாய்மன் ஆகியோர் 2013இல் இந்த இயல்புக்கேற்ற இலக்க மரத்தை அமைத்தனர். ஒரு பைட்டுக்கு ஒரு நிலை என்று வைத்தால் கணு ஒவ்வொன்றிலும் 256 இடங்கள் வேண்டும், பெரும்பாலானவை வெறுமையாகக் கிடக்கும். ஆகவே அவர்கள் 4, 16, 48, 256 என நான்கு அளவுகளில் கணுக்களை வகுத்து, சேய்கள் பெருகப் பெருகக் கணு பெரிய அளவுக்கு மாறிக்கொள்ளுமாறு செய்தனர். பதினாறு இடம் கொண்ட கணுவில் செயலியின் ஒரே கட்டளை பதினாறு பைட்டுகளையும் ஒருசேர ஒப்பிட்டுவிடுகிறது. அவர்களது ஹைப்பர் தரவுத்தளத்துக்காகப் பிறந்த இந்த மரம் இன்று டக்டிபி போன்ற பிற தரவுத்தளங்களிலும் இடம்பெற்றுள்ளது.

இதே காரணத்தால் சிவப்பு-கருப்பு மரமும் ஓரிடத்தை இழந்தது. ஒவ்வொரு நிரலுக்கும் ஒதுக்கப்பட்ட நினைவகப் பகுதிகளை அதைக் கொண்டு பேணிவந்த லினக்ஸ், 2022 இறுதியில் வந்த 6.1ஆம் பதிப்பில் அதை அகற்றிவிட்டு, கேஷ் நினைவகத்துக்கேற்ப அமைந்த மேப்பிள் மரம் என்னும் ஒருவகைப் பி-மரத்தை ஏற்றது. இரும வடிவில் உடைக்கப்பட்ட பி-மரம் இவ்விடத்தில் மீண்டும் பல கிளைகள் கொண்ட தன் பழைய வடிவத்துக்கே வந்து சேர்ந்தது.

மரத்தின் வடிவத்தை அது தங்கியிருக்கும் நினைவகமே தீர்மானிக்கிறது என்பதற்கு மியூனிக்கின் அண்மைக்கால ஆய்வும் சான்று தருகிறது. தரவின் அளவு ஏறிய வேகத்துக்கு முதன்மை நினைவகத்தின் விலை இறங்காததாலும், சுழலும் பகுதி ஏதுமற்ற திண்மநிலை வட்டுகள் மலிந்ததாலும், எல்லாவற்றையும் நினைவகத்திலேயே வைக்க வேண்டும் என்ற கொள்கை தளர்ந்தது. திண்மநிலை வட்டும் பழைய காந்த வட்டைப் போலவே பக்கம் பக்கமாகத்தான் படிக்கவும் எழுதவும் இடம் தருகிறது. லைஸும் கெம்பரும் நாய்மனும் மைக்கேல் ஹௌபன்ஷில்டோடு இணைந்து 2018இல் வெளியிட்ட லீன்ஸ்டோர் என்ற சேமிப்பு அமைப்பு இத்தகைய வட்டுகளுக்காக உருவானது. நினைவகத்தில் நிற்கும் பக்கங்களை நேரடிச் சுட்டியாலும் வட்டில் உள்ளவற்றைப் பக்க எண்ணாலும் குறித்துக்கொண்டு இரண்டு உலகங்களின் வேகத்தையும் பெற முயலும் அந்த அமைப்பில், அடைவுகளாக இருப்பவை பி-மரங்களே.